பச்சை விளக்கை நம்பலாமா?

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் 38 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கியதோடு என் ஏட்டுப் படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் தண்டவாளத்து ஓரத்தில் வெயிலில் நின்று படித்ததுதான். இப்போது பாலசமுத்திரத்தில் வீட்டோடு இருக்கிறேன். இப்படிப்பட்டவன் மென்பொருள் சோதனையைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள், போதும்.

நம் சங்க உறுப்பினர்களின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். மகனோ, மகளோ, மருமகளோ, வீட்டுக்கு ஒருவராவது பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ சென்னையிலோ கணிப்பொறி வேலையில் இருக்கிறார். அவர் வாங்கும் சம்பளம் நமக்குத் தெரியும். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் நம்மில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவர்கள் செய்யும் வேலையின் பலன் தினமும் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. திருமலை தரிசன டிக்கெட்டிலிருந்து ரேஷன் அரிசிக்கு வைக்கும் விரல் ரேகை வரை எல்லாம் மென்பொருள்தான். கவுண்டரில் இருப்பவர் "சர்வர் பனி சேயடம் லேது" என்று சொல்லிவிட்டால், வெறும் பையோடு திரும்பி நடப்பவள் ஒரு கிழவிதான். ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

பொங்கலுக்கு என் தங்கை மகள் வந்திருந்தாள். பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக டெஸ்டிங் வேலை பார்ப்பவள். பிறர் எழுதிய மென்பொருளைச் சோதித்துத் தவறு கண்டுபிடிப்பது அவள் தொழில். முகம் வாடியிருந்தது. விசாரித்தபோது சொன்னாள்:

"எங்கள் பிரிவையே கலைத்துவிட்டார்கள், மாமா. இப்போது டெவ்ஆப்ஸ் முறை வந்துவிட்டதாம். எழுதுபவர்களே சோதித்துக் கொள்வார்களாம். தனியாக டெஸ்டர் எதற்கு என்று கேட்கிறார்கள். என்னையும் எழுதும் குழுவிலேயே ஒருத்தியாகச் சேர்த்துவிட்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் நான் அங்கே எதற்கு என்றுதான் தெரியவில்லை."

"அது அநியாயம்" என்று உடனே சொல்ல வாய் வந்தது. ஆனால் மூன்று நாள் அவளோடு உட்கார்ந்து பேசிய பிறகு, அந்த நிறுவனம் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்றும், மறுபாதி மிகவும் ஆபத்தானது என்றும் எனக்குப் பட்டது. அந்த இரண்டு பாதிகளையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டெவ்ஆப்ஸ் என்பது என்ன?

என் தங்கை மகள் எனக்கு விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். முன்பெல்லாம் மென்பொருளை எழுதுபவர்கள் ஒரு பக்கம், அதை இயக்கிப் பராமரிப்பவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் சோதிப்பவர்கள். ஆறு மாதம் எழுதி, இரண்டு மாதம் சோதித்து, ஒரு நாள் இரவு மொத்தமாக ஏற்றுவார்கள். ஏதாவது கெட்டுப்போனால் எழுதியவர் இயக்குபவரைக் கைகாட்டுவார்; இயக்குபவர் எழுதியவரைக் கைகாட்டுவார். ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. பராமரிப்புக்கு நேரம் கொடு என்று சிக்னல்காரன் கேட்பான். வண்டியை ஓட்டவேண்டும், தரமுடியாது என்று போக்குவரத்துக்காரர் சொல்வார். நடுவே கடிதங்கள் பறக்கும்.

இந்தச் சண்டையை ஒழிக்கப் பிறந்ததுதான் டெவ்ஆப்ஸ். 2009 ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில், புகைப்படங்களுக்கான ஃபிளிக்கர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஆல்ஸ்பா, பால் ஹாமண்ட் என்ற இருவர், தாங்கள் ஒரே நாளில் பத்து முறைக்கு மேல் புதிய மென்பொருளை ஏற்றுவதாகச் சொல்லி எல்லோரையும் வியக்க வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரில் பேட்ரிக் டெபுவா என்பவர் இதற்கென்றே ஒரு கூட்டம் கூட்டினார். டெவ்ஆப்ஸ் என்ற பெயர் அங்கிருந்து பரவியது. எழுதுபவரும் இயக்குபவரும் ஒரே மேசையில் உட்காரவேண்டும். பெரிய மாற்றத்தைச் சிறு சிறு மாற்றங்களாக உடைத்து அடிக்கடி ஏற்றவேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகள் தாமாகவே ஓடவேண்டும். இதுதான் சாரம்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆறு மாத வேலையைக் கடைசியில் ஒருவர் தலையில் கட்டி "சோதித்துக் கொடு" என்பது, கட்டிடம் முழுவதும் எழுப்பிய பிறகு அஸ்திவாரத்தைப் பார்வையிடக் கூப்பிடுவது போல. தவறு கண்டுபிடித்தாலும் இடித்துக் கட்ட யாருக்கும் மனம் வராது. மாற்றம் சிறியதாக இருந்தால் தவறு எங்கே என்று உடனே தெரியும். திரும்பப் பெறுவதும் எளிது. இந்தப் பாதியை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையில் ரயில்வே இதை எப்போதோ செய்துவிட்டது. 1856-இல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் பாயிண்டுகளையும் சிக்னல்களையும் ஒன்றோடொன்று பூட்டும் இன்டர்லாக்கிங் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பாயிண்ட் சரியான திசையில் திரும்பிப் பூட்டிக்கொண்டால் ஒழிய சிக்னல் லீவரை இழுக்கவே முடியாது. இரும்புப் பட்டை குறுக்கே நிற்கும். பிறகு ரிலே வந்தது, இப்போது பல நிலையங்களில் கணிப்பொறியே அந்த வேலையைச் செய்கிறது. வருடத்துக்கு ஒருமுறை வரும் அதிகாரி பார்த்துக்கொள்வார் என்று விடாமல், ஒவ்வொரு தடவை லீவரை இழுக்கும்போதும் ஒரு சோதனை நடக்கிறது. இளைஞர்கள் இன்று 'தொடர் சோதனை' என்று சொல்வது இதைத்தான்.

அப்படியானால் தனியே ஒருவர் சோதிக்கத் தேவையில்லையா? இங்கேதான் மறுபாதி தொடங்குகிறது. அதற்கு நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். இதுவரை இதை எழுத்தில் சொன்னதில்லை.

நான் செய்த தவறு

1990-களின் நடுப்பகுதி. பெயர் வேண்டாம், ஒரு சிறிய நிலையம். ஒரு பாயிண்ட் மோட்டாருக்குப் போகும் கேபிளை எலி கடித்துவிட்டது. புதுக் கேபிள் மாற்றும் வேலை. முறைப்படி ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்து அந்தப் பாயிண்டைத் துண்டித்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். பல கம்பிகள் கொண்ட கேபிளை ஒரு முனையில் வலஞ்சுழியாக எண்ணினால் மறுமுனையில் இடஞ்சுழியாக எண்ணவேண்டும். இது பயிற்சிப் பள்ளியில் முதல் வாரப் பாடம். நான் இரண்டு முனையிலும் ஒரே பக்கமாக எண்ணிவிட்டேன்.

விளைவு என்ன தெரியுமா? மோட்டாரைத் திருப்பும் கம்பிகளும் இடம் மாறின. பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று திருப்பிச் சொல்லும் கம்பிகளும் இடம் மாறின. ஒன்று மட்டும் மாறியிருந்தால் பானலில் உடனே கோளாறு தெரிந்திருக்கும். இரண்டும் மாறியதால், நான் பானலில் மெயின் லைன் என்று திருப்பினேன். பானலும் மெயின் லைன் என்று அழகாகக் காட்டியது. வெளியே பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பி நின்றது!

பானலில் நான்கு முறை திருப்பிப் பார்த்தேன். நான்கு முறையும் சரி. ஒரு எக்ஸ்பிரஸ் வண்டி முந்தைய நிலையத்தில் காத்துக்கொண்டிருந்தது. கன்ட்ரோலிலிருந்து போன் மேல் போன். ஒருவர் பானலிலும் இன்னொருவர் பாயிண்ட் அருகிலும் நின்று ஒத்துப் பார்க்கவேண்டும் என்பது விதி. "பானலில்தான் சரியாக வருகிறதே" என்று சொல்லி, மீண்டும் இணைத்ததற்கான படிவத்தில் கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

என்னோடு இருந்த மெயின்டெய்னர், என்னைவிட இருபது வயது மூத்தவர், தெலுங்குக்காரர். "ஒரு நிமிஷம் இருங்க சார், நான் போய்க் கண்ணால பாத்துட்டு வந்துடறேன்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் தண்டவாளத்தில் இறங்கி நடந்தார். எனக்குக் கோபம்கூட வந்தது. சிறிது நேரத்தில் அங்கிருந்த போனில் அவர் குரல்: "சார், லூப்புக்குத் திரும்பியிருக்கு."

அந்த லூப் லைனில் அன்று ஒரு சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. இதற்கு மேல் நான் விவரிக்கத் தேவையில்லை.

கம்பிகளைச் சரி செய்து, விதிப்படி ஒத்துப் பார்த்து, பாயிண்டை ஒப்படைத்தோம். எக்ஸ்பிரஸ் தாமதமானது. மறுவாரம் எனக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்த முதியவருக்குப் பாராட்டுக் கடிதம் எதுவும் வரவில்லை. நடக்காத விபத்துக்குக் கோப்பு கிடையாதல்லவா?

அன்று நான் கற்றதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எழுதியவனே சோதிக்கும்போது, அவன் மனத்தில் இருக்கும் தவறு வேலையிலும் இருக்கும், சோதனையிலும் இருக்கும். இரண்டு தவறும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்திப் பச்சை விளக்கு எரியும்.

இதே பச்சை விளக்கு வேறு இடங்களில்

எனக்கு அந்த முதியவர் இருந்தார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 1988 டிசம்பர் 12-ஆம் தேதி லண்டன் கிளாப்பம் ஜங்ஷன் அருகே ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். சிக்னல் கம்பிகளைப் புதுப்பிக்கும் வேலையில் ஒரு பழைய கம்பியை வெட்டி ஒதுக்காமல் விட்டுவிட்டார்கள். அது ரிலேயைத் தொட்டு, வண்டி நிற்கும் இடத்துக்குப் பின்னாலிருந்த சிக்னலைச் சிவப்பாக விடாமல் தடுத்தது. ஆன்டனி ஹிடன் தலைமையிலான விசாரணை 1989-இல் வெளியிட்ட அறிக்கையை எங்கள் துறையில் பலரும் படித்திருக்கிறோம். கம்பியை விட்டவர் 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை எடுத்திருந்தார். அதைவிட முக்கியம், அவர் வேலையை இன்னொருவர் தனியாக எண்ணிச் சரிபார்க்கவில்லை. சோதனை என்ற சொல் காகிதத்தில் இருந்தது. சோதித்த கண் இல்லை.

நம் நாட்டில் 2023 ஜூன் 2-ஆம் தேதி மாலை ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்துப் பஹனகா பஜார் நிலையத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்கான பச்சை சிக்னல். பாயிண்ட் இருந்ததோ லூப் லைனுக்கு. அங்கே சரக்கு வண்டி நின்றிருந்தது. 290 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். முன்பு எப்போதோ சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றத்திலும், பிறகு லெவல் கிராசிங் கேட்டின் தடுப்பை மாற்றும் பணியின்போதும் ஏற்பட்ட குறைபாடுகளே காரணம் என்று ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. டி.வி.யில் அந்த விவரத்தைக் கேட்டபோது என் கை நடுங்கியது. எனக்குத் தெரிந்த பாயிண்ட், எனக்குத் தெரிந்த லூப் லைன், எனக்குத் தெரிந்த பச்சை விளக்கு.

ரயிலை விட்டு மென்பொருளுக்கு வருவோம். 2024 ஜூலை 19 காலை, நம் நேரப்படி 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு சிறிய கோப்பை உலகம் முழுவதும் அனுப்பியது. சற்று நேரத்தில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. விமானங்கள் ரத்தாயின. ஹைதராபாத் உட்பட நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். நிறுவனம் 78 நிமிடங்களில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் ஏற்கெனவே நின்றுபோன கணிப்பொறிகளை ஒவ்வொன்றாக மனிதர்கள் போய்த்தான் எழுப்பவேண்டியிருந்தது.

காரணத்தை அந்நிறுவனமே பிறகு வெளியிட்டது. புதிய கோப்பு 21 விவரங்களை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்தது 20 மட்டுமே. சோதனை செய்யவில்லையா? செய்தார்கள். ஆனால் அந்தச் சோதனைகளில் 21-ஆவது இடத்தில் "எதுவானாலும் சரி" என்று போட்டிருந்ததால் அந்த இடத்தை யாரும் தொட்டுப் பார்க்கவே இல்லை. கோப்பைச் சரிபார்க்கும் நிரலும் 21 வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தது. வேலையில் இருந்த அனுமானமே சோதனையிலும் இருந்தது. என் கேபிளும் இதுவும் வேறு வேறா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு காரியமும் அவர்கள் செய்யவில்லை. அந்த வகைக் கோப்புகளை முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. எங்கள் ரயில்வேயில் தண்டவாளத்தைப் புதுப்பித்தால் முதல் வண்டியை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் விடுவோம். பாதை படிந்த பிறகு படிப்படியாக வேகத்தைக் கூட்டுவோம். எடுத்த எடுப்பில் ராஜதானியை விடமாட்டோம். அந்த விபத்துக்குப் பிறகு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமும் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறுவதாக அறிவித்தது. டெவ்ஆப்ஸ் கற்றவர்களுக்கு இது தெரியாத பாடமல்ல. அவசரத்தில் விட்டுப்போன பாடம்.

நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

தனிக் கண் ஒன்று வேண்டும் என்பது என் முதல் கருத்து. ஆனால் கண் மட்டும் போதாது. கண்டதைச் சொன்னால் வேலை நிற்கவேண்டும்.

நம் பக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 1979 ஆகஸ்டு 10-ஆம் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். புறப்படுவதற்குச் சற்று முன் கணிப்பொறி "நிறுத்து" என்றது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. வல்லுநர்கள் கணக்குப் பார்த்து, இருப்பு போதும், போகலாம் என்றார்கள். கணிப்பொறியின் தடையை மீறி ஏவும் முடிவைத் தாமே எடுத்ததாகக் கலாம் பின்னாளில் பல மேடைகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய், ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

செய்தியாளர்களைச் சந்தித்த தலைவர் சதீஷ் தவன் பழியைத் தம் மேல் ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-ஆம் தேதி அதே ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தபோது, செய்தியாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார். இந்தக் கதையைத் தலைமைப் பண்புக்கு உதாரணமாகப் பலர் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் சிக்னல்காரனான எனக்கு அதில் தெரிவது வேறு: சோதனை தன் கடமையைச் செய்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, மனிதர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். அந்தப் பேரறிஞர்களுக்கே அவசரம் கண்ணை மறைத்தது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1993 செப்டம்பர் 20-இல் புறப்பட்ட முதல் பி.எஸ்.எல்.வி.யும் தோற்றது, அதன் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த பிழை அந்தத் தோல்வியில் பங்கு கொண்டது. அவர்கள் துவண்டுவிடவில்லை, மறைக்கவும் இல்லை. பிழையைத் தேடித் திருத்தி 1994 அக்டோபர் 15-இல் வென்றார்கள். 2019-இல் சந்திரயான்-2 இறங்குகலம் நிலவில் மோதியது. அடுத்த கலத்தை, எதெல்லாம் தவறிப்போகக்கூடும் என்ற கேள்வியிலிருந்தே தொடங்கி வடிவமைத்ததாக இஸ்ரோ சொன்னது. 2023 ஆகஸ்டு 23-இல் அது பத்திரமாக இறங்கியதை நாம் எல்லோரும் கண்டோம். எல்லாம் சரியாக நடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது ஒத்திகை. தவறினால் என்ன ஆகும் என்று பார்ப்பதே சோதனை.

அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்குச் சந்தை நிறுவனம். 2012 ஆகஸ்டு 1. எட்டு சர்வர்களில் ஏழில் புதிய மென்பொருளை ஏற்றியவர்கள் எட்டாவதை விட்டுவிட்டார்கள். இரண்டாம் ஆள் யாரும் சரிபார்க்கவில்லை. சந்தை திறப்பதற்கு முன்பே அந்நிறுவனத்தின் கணிப்பொறிகள் கோளாறைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை அனுப்பின. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தை திறந்தது. 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 97 கடிதம் எழுதும் சோதனையைவிட, ஒரே ஒரு முறை குறுக்கே நிற்கும் இரும்புப் பட்டை மேல் அல்லவா?

நகரிப் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் கேட்கும். தானியங்கித் தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தால் தறி தானே நின்றுவிடும். நெசவாளர் வந்து முடி போட்டால்தான் மறுபடி ஓடும். ஜப்பானில் சாகிச்சி டொயோடா இப்படித் தானே நிற்கும் தறியை உருவாக்கியவர். அந்தக் குடும்பம் பிறகு கார் தொழிற்சாலை வைத்தபோது, குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தது. டெவ்ஆப்ஸ்காரர்கள் டொயோடாவைப் பார்த்துக் கற்றதாகப் பெருமையாகச் சொல்கிறார்கள். வேகத்தைக் கற்றார்கள். கயிற்றையும் கற்றார்களா என்பதுதான் என் கேள்வி.

நான் சொல்ல விரும்புவது

தனிப் பிரிவு இருந்தே தீரவேண்டும் என்று நான் வாதாடவில்லை. தனி அறையில் உட்கார்ந்து கடைசியில் முத்திரை குத்தும் டெஸ்டர் காலம் போய்விட்டது. என் தங்கை மகள் எழுதும் குழுவிலேயே உட்காருவது நல்லதுதான். திட்டம் தீட்டும் முதல் நாளே "இது தவறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க ஒருத்தி பக்கத்தில் இருப்பாள். ஆனால் மூன்று காரியங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது.

முதலாவது, பணம், உயிர், மக்களின் உரிமை ஆகியவற்றைத் தொடும் பகுதிகளில், எழுதியவர் அல்லாத ஒருவர் சோதனையை அமைக்கவேண்டும். பானலில் ஒருவர், பாயிண்டில் ஒருவர். இப்போது செயற்கை நுண்ணறிவே நிரலையும் எழுதித் தருகிறது, அதற்கான சோதனையையும் எழுதித் தருகிறது என்று கேள்விப்படுகிறேன். ஒரே கை இரண்டு முனையையும் எண்ணினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னேன். அந்தக் கை மனிதனுடையதா இயந்திரத்தினுடையதா என்பதில் வித்தியாசம் இல்லை.

இரண்டாவது, சோதனை தோற்றால் மென்பொருள் ஏறக்கூடாது. மேலாளர் நினைத்தாலும் சத்தமில்லாமல் தாண்டிப் போக வழி இருக்கக்கூடாது. தாண்டியே ஆகவேண்டிய நெருக்கடி வரலாம். அப்போது யார், ஏன் தாண்டினார் என்று பெயரோடு எழுதவேண்டும். எங்கள் துறையில் அவசரச் சாவிகளுக்குச் சீல் வைத்து, உடைத்தால் பதிவேட்டில் எழுதச் சொல்வோம். எழுதவேண்டும் என்றாலே பாதி அவசரம் அடங்கிவிடும்.

மூன்றாவது, எந்த மாற்றமும் முதலில் சிறிய இடத்தில் ஓடிக் காட்டவேண்டும். முதல் வண்டி 20 கிலோமீட்டரில் போகட்டும்.

இதற்கெல்லாம் செலவாகும், வேகம் குறையும் என்பார்கள். வேகம் குறைவது சோதனையால் அல்ல. தவறைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதால். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது சோம்பேறிகளுக்கான வார்த்தை அல்ல. இன்டர்லாக்கிங் வந்த பிறகுதான் ரயில்கள் வேகமாக ஓட முடிந்தது. நம்பத்தக்க பிரேக் இருக்கும் வண்டியைத்தான் தைரியமாக ஓட்டலாம்.

பொங்கல் விடுமுறை முடிந்து கிளம்பும்போது என் தங்கை மகளிடம் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "பொறியாளர் மாமா விதிப் புத்தகம் எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று கிண்டல் செய்துகொண்டே வாங்கிப் போனாள். சென்ற மாதம் போன் செய்தாள். பணப் பரிமாற்றப் பகுதிக்கு மட்டும் வேறு குழுவினர் சோதனை எழுதுவது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டதாம். இரண்டாவது விதி இன்னும் பேச்சில் இருக்கிறதாம். "போன வாரம் ஒரு ரிலீஸை நிறுத்தினேன் மாமா. இரண்டு நாள் தாமதம். ஏன் தாமதம் என்று என்னை விளக்கம் கேட்டார்கள்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மெயின்டெய்னர் நினைவும் வந்தது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அன்பர்களே, உங்கள் பிள்ளைகளும் ஒரு நாள் சோர்ந்துபோன முகத்தோடு வந்து, "இன்று என்னால் வேலை நின்றுபோயிற்று, எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள்" என்று சொல்லக்கூடும். அலுவலகத்தில் யாரும் அவர்களைப் பாராட்டப் போவதில்லை. எதைக் கண்டு நிறுத்தினாய் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். சொல்வது முழுவதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. நல்ல காரியம் செய்தாய் என்று நாமாவது சொல்லி அனுப்புவோம். என் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு வந்த அந்தக் கடிதத்தை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த முதியவருக்குக் கொடுக்கத் தவறிய பாராட்டுக்கு அது ஒன்றுதான் என்னிடம் இருக்கும் சாட்சி.